பச்சை ஸ்வெட்டர் பெண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை

பழனியாத்தாளுக்கு அந்த எச்சரிக்கை காலை ஏழே காலுக்கு வந்தது. எட்டு மணிக்குள் அதை ஏழு குரூப்புகளுக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பும்போது தன் பங்குக்கு மூன்று கும்பிடுகளும் சேர்த்துப் போட்டாள்.

எச்சரிக்கை இப்படி இருந்தது: "அவசரம்! அவசரம்! வால்பாறை மலையில் கார்டு மோசடிக்காரி நடமாட்டம்! பச்சை ஸ்வெட்டர் அணிந்திருப்பாள். இருபது கார்டுகளுக்கு மேல் வைத்திருப்பாள். ஏடிஎம்முக்குள் நெடுநேரம் நிற்பாள். பார்க்க அப்பாவி போல இருப்பாள், மிகவும் மரியாதையாகப் பேசுவாள், ஏமாந்துவிடாதீர்கள். கண்டால் பிடித்து வைத்துக்கொண்டு தகவல் தரவும். வங்கி உத்தரவு. குறைந்தது பத்துப் பேருக்கு அனுப்பவும்."

கீழே ஒரு படம். ஏடிஎம் கேமரா மேலிருந்து எடுத்தது. பின்னங்கழுத்தும் கொண்டையும் ஸ்வெட்டரின் முதுகும்தான் தெரிந்தன. தன் பின்னங்கழுத்தைத் தானே பார்த்தவர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. ஆகவே பழனியாத்தாள், "கட்டையில போறவ, எத்தனை பேரு வயித்துல அடிக்கறாளோ" என்று மனதாரத் திட்டிவிட்டுத் தேயிலை பறிக்கக் கிளம்பினாள்.

பக்கத்து வீட்டு ரூபன் எஸ்டேட் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். பல் விளக்கிக்கொண்டே போனைப் பார்த்தவன், பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான்.

"ஏனுங்க்கா, இது உங்களையாட்டமே இருக்குதுங்களே."

"பச்சை ஸ்வெட்டர் நம்ம எஸ்டேட்டுல எல்லார்த்துகிட்டயும்தான் இருக்குது. போன தீபாவளிக்குக் கம்பெனி குடுத்ததல்லோ?"

"அது சரிங்க்கா. அந்தக் கொண்டையில இருக்கற நீலக் கிளிப்பு எங்கூட்டுக்காரி உங்களுக்குக் குடுத்ததுங்க்கா."

பழனியாத்தாள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். கிளிப் அங்கேதான் இருந்தது.  அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இருபது கார்டு விஷயமும் உண்மைதான். சரியாகச் சொன்னால் இருபத்திரண்டு. எஸ்டேட்டில் கூலியைக் கையில் தருவதை நிறுத்தி பேங்கில் போடத் தொடங்கிய வருஷம், லைன் வீடுகளில் இருந்த இருபத்திரண்டு குடும்பத்துக்கும் வீட்டுக்கொரு கார்டு வந்தது. ஏடிஎம் இருப்பதோ பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளி வால்பாறை பஜாரில். இருபத்திரண்டு பேரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, அந்தக் கண்ணாடி அறைக்கு முன்னால் நின்று முழிக்க முடியுமா? எட்டாம் வகுப்பு வரை படித்த பழனியாத்தாளே மாதம் ஒரு தடவை எல்லார் கார்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போவாள், எடுத்துக்கொண்டு வருவாள். குழப்பம் வேண்டாமென்று எல்லாக் கார்டுக்கும் ஒரே ரகசிய எண்ணை வைத்திருந்தாள். எட்டு வருஷத்தில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை, ஒரு கார்டு தொலைந்ததில்லை.

சம்பளத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. இந்த மாதம் அதே லைனில் இருக்கும் பாத்திமுத்துவின் கணக்கில் சர்வீஸ் பணமும் விழுந்திருந்தது. முப்பத்தொரு வருஷம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்ததற்கு அவளுக்குக் கிடைத்த மொத்தமும் அதுதான்.

"போலீஸ் ஸ்டேஷன்ல போயிச் சொல்லிப்போடட்டுமா தம்பி?"

"அவிங்க தேடற ஆளு நேரா வந்து நின்ன கணக்கா ஆயிருமுங்க்கா. மொதல்ல இது நெசமா பொய்யான்னு பேங்க்ல கேளுங்க. பொய்யின்னா ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிப்போடுங்க. அதைப் பையில வெச்சுட்டீங்கன்னா யாரு புடிச்சாலும் காட்டலாமுங்க."

இப்படித்தான் பழனியாத்தாள் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு, மேற்கு மலை வளர்ச்சி வங்கியின் வால்பாறைக் கிளைக்குள் நுழைந்தாள். சுவரில் பெரிய எழுத்தில், "யாரையும் நம்பாதீர்கள்" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "உங்கள் நம்பிக்கைக்குரிய வங்கி."

மேனேஜர் சசிதர் அவள் நீட்டிய போனைக் கையால் தொடவில்லை. பேனா முனையால் மேலே தள்ளித் தள்ளிப் படித்தார்.

"ஏனுங்க சார், இது நெசமுங்களா, பொய்யுங்களா?"

சசிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சொற்பொழிவு வரும் என்பது கிளையில் எல்லோருக்கும் தெரியும். கேஷியர் கவுண்டரை மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்.

"அம்மா, வங்கித் தொழில் என்பது பொறுப்பான தொழில். இதை உண்மை என்று நான் சொன்னால், இன்னும் ஏன் அவளைப் பிடிக்கவில்லை என்று மேலிடம் என்னைக் கேட்கும். பொய் என்று சொன்னால், நாளைக்கே அவள் பிடிபட்டால் என் கதி என்ன? எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. இதுவரை இருபத்தெட்டு வருஷம் நான் எதையும் உண்மை என்றும் சொன்னதில்லை, பொய் என்றும் சொன்னதில்லை. அதனால்தான் மேனேஜர் ஆனேன்."

பழனியாத்தாள் போனை எடுத்து மடியில் செருகினாள். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள்.

"சார், அந்தப் பொம்பள நானுங்க."

"அது எங்களுக்கு வேண்டாம்" என்றார் சசிதர், அவசரமாக. "எங்கள் படிவத்தில் செய்திக்குக் கட்டம் இருக்கிறது. ஆளுக்குக் கட்டம் இல்லை. தவிர, ஒருவர் கார்டை இன்னொருவர் வைத்திருப்பது விதிக்கு விரோதம். நீங்கள் சொன்னது என் காதில் விழவில்லை. எட்டு வருஷமாக நான் அதைப் பார்த்ததும் இல்லை."

அவர் நாற்காலிக்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு நேர் எதிரே ஏடிஎம்.

படிவம் ம-7 கொடுக்கப்பட்டது. வந்துசேர்ந்த எச்சரிக்கை மெய்யா என்று வினவுவதற்கான விண்ணப்பம் அது. யார் அனுப்பினாரோ அவர் கையெழுத்து வேண்டும். அவருக்கு யார் அனுப்பினாரோ அவர் கையெழுத்தும் வேண்டும். இப்படியே மூலம் வரை போக வேண்டும். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாம்.

மறுநாள் பழனியாத்தாள் பொள்ளாச்சி பஸ் ஏறினாள். அவளுக்கு அனுப்பியவள் கிணத்துக்கடவில் இருக்கும் அண்ணி அன்புச்செல்வி.

மரியாதையாகப் பேசுவாள் என்று எச்சரிக்கையில் போட்டிருந்தது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கண்டக்டரிடம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "பொள்ளாச்சி ஒண்ணு குடு" என்றாள். அவன் டிக்கெட்டைக் கிழிப்பதற்குள் வாய் பொறுக்காமல், "ங்க" என்றும் சொல்லிவிட்டாள். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவளுக்கு வியர்த்தது.

கொண்டை ஊசி வளைவு இருபதில் முன் சீட்டுக்காரர் போனை எடுத்து அதே எச்சரிக்கையை உரக்கப் படித்தார். பஸ்ஸே காதைக் கொடுத்தது.

"இந்த மாதிரிப் பொம்பளைங்களை என்னங்க பண்றது?" என்று ஒருவர் கேட்டார்.

"கட்டி வெச்சு அடிக்கோணும்" என்றாள் பழனியாத்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பயத்தில் அவளுடைய குரல்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக வந்திருந்தது. மீதி இருபது வளைவுகளும் இறங்கும் வரை அவள் கொண்டையைச் சீட்டில் அழுத்திக்கொண்டு வந்தாள்.

அன்புச்செல்வி கிணத்துக்கடவில் ஒரு தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கும் வேலை செய்தாள். படிவத்தைப் பார்த்ததும் நாத்தனாரைவிட அதிகமாகப் பயந்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா எம்பட கார்டையும் முடக்கிப்போட மாட்டாங்களா பழனி?"

"மாட்டாங்க அண்ணி. உங்களுக்கு யாரு அனுப்புனதுன்னு மட்டும் சொல்லுங்க."

"நம்ம களத்துக்கார அம்மாதான். அவிங்க அனுப்பறதைத் திருப்பி நாலு பேருக்கு அனுப்பலீன்னா, அடுத்த நாளு, 'அன்புச்செல்வி, பாத்தியா இல்லியா'ன்னு கேப்பாங்க."

களத்துக்கார அம்மா நாச்சியம்மாள் வீட்டு முன்னறையில் விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தார். பழனியாத்தாள் வாசலில் நின்றாள். காகிதக் கப்பில் காப்பி வந்தது. அந்த வீட்டில் டம்ளருக்குப் பஞ்சம் ஒன்றும் இல்லை.

"நான் இதையெல்லாம் படிக்கறதே இல்ல அம்மணி" என்றார் நாச்சியம்மாள். "எச்சரிக்கைன்னு இருந்தா உடனே அனுப்பிப்போடுவேன். கெட்ட சேதின்னா நெசமாத்தான் இருக்கும். நல்ல சேதி வந்தாத்தான் நாலு தடவை படிச்சுப் பாக்கோணும், இது நெசந்தானான்னு. என்னையே பாரு, தேங்காய் வெலை ஏறுதுன்னு வந்த ஒரு மெசேஜையும் நான் யாருக்கும் அனுப்புனதில்ல."

"உங்களுக்கு யாரு அனுப்புனாங்கம்மா?"

"எம்பையன் அருண்குமாருதான், எங்கூட்டு குரூப்புல போட்டான். கோயமுத்தூருல பேங்க் பெரிய ஆபீசுல இருக்கறான். எது நெசம் எது பொய்யின்னு கண்டுபுடிக்கறதுதான் அவனுக்கு வேலையே."

பழனியாத்தாளுக்கு உயிர் வந்தது. கடைசியில் ஒரு சரியான ஆளிடம் போய்ச் சேரப்போகிறோம் என்று நம்பினாள்.

மேற்கு மலை வளர்ச்சி வங்கியின் மண்டல அலுவலகம் கோயமுத்தூரில் ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் காவலாளி அவளுடைய போன் நம்பரை எழுதிக்கொண்டார்.

"உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதை எங்கிட்டச் சொன்னாத்தான் உள்ள விடுவனுங்க."

அவர் தலைக்கு மேலே, "ஓடிபியைக் கேட்பவன் திருடன்" என்று ஒளிரும் பலகை இருந்தது. பழனியாத்தாள் பலகையைப் பார்த்தாள். காவலாளியைப் பார்த்தாள். அவரும் தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்துவிட்டு, "அது வெளிய இருக்கறவங்களுக்குங்க" என்றார். அவள் ஆறு எண்களையும் சொன்னாள். உள்ளே போகுமுன் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அருண்குமார் வேலை பார்க்கும் மெய்மை அறியும் பிரிவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம், பொய்ச் செய்திகள் போன் வழியாகத்தான் பரவுகின்றன என்பதால்.

அருண்குமார் முப்பது வயதிருக்கும். அம்மாவின் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி போட்டார். நல்ல பையன்தான். பழனியாத்தாள் எச்சரிக்கையை ஒப்பிக்க ஒப்பிக்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அக்கா, அது நான் எழுதினதுங்க."

"நீங்களுங்களா?"

"போன மாசம் போலி எச்சரிக்கை ஒழிப்பு வாரம் கொண்டாடினோமுங்க. போலி எச்சரிக்கை எப்படி இருக்கும்னு ஜனங்களுக்குத் தெரியோணுமல்லங்க? அதுக்கு ஒரு மாதிரி வேணுமுன்னாங்க. ராத்திரி பகலா உக்காந்து எழுதினேன். மண்டலத்துல இதுக்குத்தான் முதல் பரிசு. கீழ 'இது போலி'ன்னும் போட்டிருந்தேனுங்க. படம் பெருசாத் தெரியட்டும்னு எங்காபீசுலயே யாரோ வெட்டிட்டாங்க."

"அந்தப் படத்துல இருக்கறது நானுங்களே சாமி."

அருண்குமார் அவளைச் சுற்றி வந்து கொண்டையைப் பார்த்தார். சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"ஆமாங்க, நீங்கதான். தப்புப் பண்ணினவங்க படத்தைப் போட்டா அவங்க கேஸ் போட்டுருவாங்கன்னு லீகல்ல சொல்லிட்டாங்க. அதனால கேமராவுல ஒரு வாரம் தேடி, ஒரு தப்பும் பண்ணாத ஆளாப் பாத்துப் போட்டோமுங்க. அத்தனை கார்டுலயும் பணம் எடுத்து, ஒவ்வொண்ணையும் தனித்தனியா நூல் சுத்தி வெச்சீங்க பாருங்க, எங்க பிரிவுல எல்லாருமே அசந்துபோய்ட்டோம்."

பழனியாத்தாளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"அப்ப இது பொய்தானுங்களே. அதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துப்போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பொய்யின்னு எப்படிங்க எழுத முடியும்? வங்கி வெளியிட்டது. வங்கி வெளியிட்டதைப் பொய்யின்னு வங்கியே சொல்லலாமுங்களா? நாளைக்கு டெபாசிட்டுக்கு வட்டி தர்றோம்னு சொல்றதையும் நம்ப மாட்டாங்களே."

"அப்ப நெசமுங்களா?"

அருண்குமார் பேனாவைத் திறந்தார், மூடினார். நேர்மையான பையன் என்பதால் உண்மையிலேயே சிரமப்பட்டார். பிறகு, "நெசமான போலிங்க" என்றார்.

முத்திரையும் கையெழுத்தும் போட்டு ஒரு கடிதம் தரப்பட்டது. அவள் அதைப் பஸ்ஸில் உட்கார்ந்துதான் படித்தாள். "மேற்கண்ட எச்சரிக்கை இவ்வங்கியால் முறைப்படி வெளியிடப்பட்ட மெய்யான ஒன்று எனவும், அதிலுள்ள படம் இக்கடிதத்தைக் கொண்டுவரும் பழனியாத்தாள் என்பவருடையதே எனவும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது." ஓரத்தில் அவளுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டியிருந்தது. இந்தத் தடவை முகம் தெரிந்தது.

அவள் கடிதத்தை எட்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். போகும்போது ஒரு முதுகு மட்டும்தான் அவளுக்கு எதிராக இருந்தது. வரும்போது முத்திரையும் சேர்ந்துவிட்டது. நாற்பது வளைவு ஏறும் வரை யாராவது தன் பக்கம் திரும்பினால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

சசிதர் கடிதத்தைப் படித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "அப்படியானால் செய்தி மெய். விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது."

"அப்ப எங்கதி என்னங்க சார்?"

"நீங்கள் இனி யார் கார்டையும் தொடாதீர்கள். சம்பளத்தன்று எல்லோரையும் வரச் சொல்லுங்கள். அவரவர் கார்டு அவரவர் கையில். நானே வெளியே நின்று மேற்பார்வை செய்கிறேன். இதை ஒரு விழாவாகவே செய்துவிடலாம்."

சம்பள நாளில் எஸ்டேட்டில் இருந்த ஒரே லாரியைக் கேட்டு வாங்கி, இருபத்திரண்டு பேரும் பஜாரில் வந்து இறங்கினார்கள். குளிர் என்பதால் இருபத்திரண்டு பேரும் பச்சை ஸ்வெட்டர். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். கும்பலே வந்துவிட்டது என்று ஒருவர் போனில் படம் எடுத்தார். லாரியை ஏடிஎம்முக்கு நேர் எதிரே நிறுத்தியிருந்தார்கள்.

முதலில் பாத்திமுத்து உள்ளே போனாள். பழனியாத்தாள் கூடப் போகக் கால் வைத்தாள். சசிதர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஒரு நேரத்தில் ஒருவர். ரகசியம் முக்கியம்."

கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து பாத்திமுத்து தலையை நீட்டினாள். "பழனி, என்னமோ நம்பரு கேக்குது! என்ன நம்பரு?"

பழனியாத்தாள் கையைப் பிசைந்தாள். "சார், ஒரே ஒரு நிமிசம் உள்ள போயி காதுல சொல்லிப்போட்டு வந்துடறனுங்க."

"விதிப்படி முடியாது."

"பழனி! மெஷின் கத்துது!"

வெளியே இருபத்தொரு பேர், அவர்களுக்குப் பின்னால் பாதி பஜார். எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது பழனியாத்தாளுக்குத் தெரியும். ஆகவே புத்திசாலித்தனமாக, எண்ணையே சொல்லாமல் கூவினாள்.

"நம்ம லாரி நம்பரு!"

பஜார் முழுவதும் திரும்பி லாரியைப் பார்த்தது.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அடுத்தடுத்துப் போனவர்கள் யாரும் எதையும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, எட்டி லாரியின் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு அழுத்தினார்கள். மறந்துபோன ஒருவருக்கு டீக்கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார். சசிதர் கைதட்டி எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். "எட்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் இந்தக் கிளையில் விதிப்படி பணம் எடுக்கப்பட்டது" என்று சின்னதாக ஓர் உரையும் நிகழ்த்தினார்.

திரும்பும் வழியில், லாரி எஸ்டேட் செக்போஸ்டைத் தாண்டும்போது பாத்திமுத்து மடியைத் தடவினாள். பிறகு பையைக் கொட்டினாள். பிறகு பழனியாத்தாளின் கையைப் பிடித்தாள். 

"பணத்தை எடுத்தேன் பழனி. கார்டை எடுத்தனான்னு நெனப்பில்ல."

மணி மூன்று. அந்தக் கார்டு மெஷினில் நீட்டிக்கொண்டிருக்கலாம், யார் கையிலாவது இருக்கலாம். அதன் எண்ணோ பஜாரில் பால் பாக்கெட் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். முப்பத்தொரு வருஷம் அந்தக் கார்டுக்குள் இருந்தது. இத்தனை நாள் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று பழனியாத்தாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கார்டின் பின்புறம் அவசர எண் உண்டு. லாரியில் கூட வந்த ரூபன் தன் கார்டைப் பார்த்து அந்த எண்ணை அழுத்தினான். இனிமையான குரல் ஒன்று, தொலைந்த கார்டில் உள்ள பதினாறு எண்களைச் சொல்லும்படி கேட்டது. அடுத்து பழனியாத்தாள் சசிதருக்குப் போன் செய்தாள்.

"சார், பாத்திமுத்து கார்டு தொலஞ்சுபோச்சுங்க. நம்பரு ஊருக்கே தெரியுமுங்க. உடனே அதை நிறுத்திப்போடுங்க சார், உங்க காலைப் புடிச்சுக்கறேன்."

"பதற வேண்டாம்" என்றார் சசிதர். "இது ஓர் எச்சரிக்கை. அப்படித்தானே?"

"ஆமாங்க சார்."

"மெய்யான எச்சரிக்கையா என்று பார்க்க வேண்டும். இதை உங்களுக்கு யார் அனுப்பினார்கள்?"

"யாரும் அனுப்பலீங்க. எங்கண்ணு முன்னால நடந்ததுங்க."

"யாரும் அனுப்பவில்லையா?" சசிதரின் குரலில் முதல் தடவையாகச் சந்தேகம் தட்டியது. "அப்படியென்றால் நான் எப்படி ஏற்பது? படிவம் ம-7 நான்காம் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. யாராவது அனுப்பியிருக்க வேண்டும் அம்மா. நாலு மணி வரை இருப்பேன்."

பழனியாத்தாள் லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் டைப் செய்தாள். பாத்திமுத்து கார்டைக் காணோம், நம்பர் எல்லாருக்கும் தெரியும், உடனே நிறுத்தவும் என்று எழுதினாள். மூன்று கும்பிடு போட்டாள். கிணத்துக்கடவு அண்ணிக்கு அனுப்பினாள். அடியில் இன்னொரு வரியும் சேர்த்தாள்:

"அண்ணி, இதை எனக்கே திருப்பி அனுப்புங்க. சுருக்கா."

லாரி கடைசி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே போகப் போக சிக்னல் குறையும். பாத்திமுத்து பழனியாத்தாளின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெசேஜுக்குப் பக்கத்தில் ஒரு டிக் மட்டும்தான் விழுந்திருந்தது.